செவெரின் கோஸ்தெக்கும் தண்ணீருக்குப் பயந்த இஸ்க்ராவும்

லாடம் அடிக்கும் அப்பாவுக்குக் குதிரைகளின் காலைப் பிடித்துக் கொடுத்தே வளர்ந்தவன் செவெரின் கோஸ்தெக். பதினெட்டு வயதில், 1920 போரின்போது, உலான் குதிரைப் படையில் போய்ச் சேர்ந்தான். போர் முடிந்து மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். அவன் அதிகாரிகள் பள்ளிக்குப் போனான். "மனுஷங்களோட பேச எனக்கு வராது, குதிரைங்களோட வருது" என்று வீட்டுக்கு ஒரு கடுதாசி மட்டும் வந்தது.

லெப்டினன்ட் ஆகி நாரேவ் நதிக்கரை முகாமுக்கு வந்தவனிடம், யாருக்கும் வேண்டாத இஸ்க்ரா என்ற பெண் குதிரையைத் தள்ளிவிட்டார்கள். வேலியையெல்லாம் அநாயாசமாகத் தாண்டும். தண்ணீரைக் கண்டால் மட்டும் ஆணி அடித்தாற்போல் நின்றுவிடும்.

"கோஸ்தெக், மழை வந்தா உன் குதிரை குடை கேக்குமாமே?" என்று சிநேகிதர்கள் சீண்டுவார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்த லெயோகாதியா ஞாயிறுதோறும் முகாம் வேலியோரம் ஆப்பிளோடு வந்து நிற்பாள். வண்டிக்காரர் மகள், குதிரையைத் திட்டுவதில் கெட்டிக்காரி. "வாடி சோம்பேறி!" என்று ஒரு குரல் கொடுத்தால் இஸ்க்ரா ஓடிவரும். செவெரினும் பின்னாலேயே வருவான்.

அதிகாரி கல்யாணம் செய்ய கர்னலின் அனுமதி வேண்டும். கர்னல் பொஹூட்ஸ்கி மீசையைத் தடவினார். "வண்டிக்காரர் பொண்ணா? நம்ம படை கௌரவத்துக்கு ஒத்து வருமாப்பா? யோசிக்கிறேன்." யோசனை எட்டு மாதம் நீண்டது.

படையின் ஆண்டு விழா வந்தது. ஊரே திரண்டிருந்தது. பந்தயத்தில் செவெரின்தான் முன்னால். கடைசித் தடை, தண்ணீர் நிரம்பிய அகழி. இஸ்க்ரா நின்றேவிட்டது. தட்டிக் கொடுத்தான், கெஞ்சினான், அசையவில்லை. பின்னால் குளம்புச் சத்தம் நெருங்கியது.

அகழிக்கு அந்தப் பக்கம் கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "வாடி சோம்பேறி! இத்தனை பேர் முன்னாடி மானத்த வாங்காத!"

இஸ்க்ரா காதை விடைத்தது. இரண்டடி பின்வாங்கி ஒரே பாய்ச்சல்! செவெரினின் தொப்பி தண்ணீரில் விழுந்தது. குதிரையோ எல்லைக்கோட்டைத் தாண்டியும் நிற்காமல் நேரே லெயோகாதியாவிடம் போய் அவள் பையில் மூக்கை நுழைத்தது.

மைதானமே சிரிப்பில் குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார் கர்னல். "என் பேச்சையே கேக்காத கழுதை இது. இந்தப் பொண்ணு பேச்சக் கேக்குது. இவள விட்டா படைக்குத்தான்யா நஷ்டம். கட்டிக்கோ!"

அடுத்த மாதமே கல்யாணம். பிறகு செவெரின் காப்டனாகி, சொந்தமாக ஒரு குதிரை அணிக்குத் தலைவனானான். உலகப் போர் மூண்ட 1939 செப்டம்பரில் அணியோடு போரிட்டுச் சிறைப்பட்டான். ஐந்தரை ஆண்டு கம்பி வேலிக்குள். திரும்பிய நாளில் லெயோகாதியா அவனை மேலும் கீழும் பார்த்து, "எலும்பும் தோலுமா வந்திருக்க, உக்காரு" என்று பீட்ரூட் சூப்பை ஊற்றினாள். குதிரைப் படையே கலைக்கப்பட்டுவிட்டிருந்தது. அரசாங்கக் குதிரைப் பண்ணையில் குட்டிகளை வளர்க்கும் வேலை கிடைத்தது. அங்கே அவனை யாரும் காப்டன் என்று கூப்பிடவில்லை. அதை அவன் கவனித்ததாகவும் தெரியவில்லை.

மகள் யாத்விகாவின் கல்யாணத்தன்று, பெற்றோர் ஆசீர்வாதம் செய்து சர்ச்சுக்கு அனுப்பவேண்டிய நேரத்தில் அப்பா செவெரினைக் காணோம். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள். கடைசியில் கோட்டெல்லாம் வைக்கோலாக, குட்டி போட்ட குதிரையின் லாயத்திலிருந்து ஓடிவந்தார்.

"ஆணா பொண்ணா?" என்றாள் லெயோகாதியா.

"பொண்ணு! நாலு காலும் வெள்ளை!"

மண்டியிட்டிருந்த மணமக்களே சிரித்துவிட்டார்கள். கையைக் கழுவக்கூட விடாமல் லெயோகாதியா அவரை இழுத்து முன்னால் நிறுத்தினாள். வாசலில் பிடில்காரர்கள் தொடங்கிவிட்டார்கள்.