பாதிக் கம்பியில் பாஸ்கல்

பாஸ்கல் எனக்கு மகன் முறை. என் கூடப்பிறந்த அக்கா ஜெரினா பெற்ற ஐந்தில் மூன்றாவது. மேலே இரண்டு பெண், கீழே இரண்டு பெண், நடுவில் இவன் ஒருத்தன். ராயபுரத்தில் எங்கள் இரண்டு வீடும் ஒரே சந்தில் எதிரெதிரே இருந்தன. அக்கா புருஷன் துறைமுகத்தில் கலாசி. அவரைப் பெற்றவரும் கலாசி. கலாசி என்றால் மூட்டை தூக்குகிற ஆள் என்று சிலபேர் நினைத்துக்கொள்கிறார்கள். மூட்டை தூக்குவது வேறு. பளுவுக்குக் கம்பிக்கயிறு கட்டி, கிரேன் கொக்கியில் மாட்டி, அது சாயாமல் மேலே போய் இறங்கவேண்டிய இடத்தில் இறங்குகிற வரைக்கும் பொறுப்பாய் நிற்கிறவன்தான் கலாசி. ஐம்பதடி, அறுபதடி உயரத்தில் இரும்பு உத்தரத்தின்மேல் நடந்துபோய்க் கட்டு அவிழ்ப்பதும் அவன்தான்.

பாஸ்கல் பத்தாவதில் தவறியதும் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டான். முப்பது வயசுக்குள் அவன் பேர் எண்ணூர் வரைக்கும் தெரியும். காரணம் அவன் கை. எந்தக் கம்பிக்கயிறு வந்தாலும், புதுசோ பழசோ, ஒரு பிடி பஞ்சை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் உருவிப் பார்ப்பான். உள்ளே ஒரு இழை அறுந்திருந்தாலும் அது முள் மாதிரி நீட்டிக்கொண்டு பஞ்சைப் பிடித்து இழுக்கும். உருவாமல் ஒரு கயிற்றில் பளு ஏற்றமாட்டான். மானேஜர் நின்று கத்தினாலும் ஏற்றமாட்டான். கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏற்றும்போதுகூட, கொடிக்கயிற்றை முழுக்க உருவிவிட்டுத்தான் பங்குச்சாமியார் கையில் கொடுப்பான். சாமியாரே சிரிப்பார். "பாஸ்கல், இது துணிக்கொடிப்பா, எஞ்சின் இல்ல" என்பார். "இருக்கட்டும் சாமி" என்று இவன் பாட்டுக்கு உருவுவான்.

அப்பேர்ப்பட்டவனுக்கு 2006-இல் அது நடந்தது. ஒரு கிரேன் கம்பெனியில் வேலை. உத்தரத்தின்மேல் நின்றுகொண்டிருந்தான். காலடியில் போட்டிருந்த பலகை நழுவிவிட்டது. இடுப்பு பெல்ட் பிடித்துக்கொண்டது, ஆள் பிழைத்தான். ஆனால் இன்னொரு கிரேனைக் கொண்டுவந்து இறக்குகிற வரைக்கும் அரைமணி நேரம் அந்தரத்தில் தொங்கினான். விலாவில் ஒரு வீக்கம், அவ்வளவுதான் காயம். அது பத்து நாளில் வடிந்துவிட்டது. வேறொன்று வடியவில்லை. மறுபடி ஏணியில் ஏறப்போனால் மூன்றாம் படியிலேயே கால் உதறியது. வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூல்மேல் ஏறினாலும் கை வேர்த்தது. கம்பெனியில் நல்லவிதமாகவே சொல்லி ஸ்டோர் ரூமில் உட்காரவைத்தார்கள். கையுறை, கொக்கி, நட்டு, போல்ட்டு எடுத்துக் கொடுக்கிற வேலை. இரண்டு வருஷம் அதைச் செய்தான். யாரிடமும் முறையிடவில்லை. பேச்சு மட்டும் குறைந்துபோயிற்று.

2008 மே மாசம் சுப்புராஜ் மேஸ்திரி வீடு தேடி வந்தார். துறைமுகத்துக்கு வெளியே இவனுக்கு முதல் வேலை கொடுத்த மனிதர். எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையத்தில் பெரிய வேலை ஒன்று எடுத்திருந்தார். நானும் அப்போது அங்கே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"நைனா, எனக்கு மேல ஏர்ற ஆளு ஒர்த்தன் வோணும். கம்பி தெரிஞ்ச ஆளு. உன்ன உட்டா எனக்கு வேற ஆளு தோணல. ஏறுவியா, மாட்டியா? திங்கக்கெழமைக்குள்ள சொல்லு. இல்லாங்காட்டி கொருக்குப்பேட்டைல ஒரு புள்ள கீறான், அவன இட்டுகினு பூடுவேன்."

பாஸ்கல் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். மேஸ்திரி போனதும் அவன் பெண்சாதி ஃப்ளோரா கேட்டாள், "இன்னாய்யா சொல்லப்போற?"

"தெரிலடி. ஏறிப் பாத்தாத்தான் தெரியும். அங்க போயி, நாலு பேரு முன்னால, மூணாம் படில நின்னேன்னு வையி, அப்பால ஸ்டோர் ரூம்ல கூட குந்த முடியாது."

அந்த வாரம்தான் எங்கள் அன்பியத்தில் டூர் போட்டிருந்தது. அன்பியம் என்பது கோயிலைச் சேர்ந்த பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபம் பண்ணுகிற கூட்டம். வருஷாவருஷம் வேளாங்கண்ணி போவோம். அந்த வருஷம் தவசிமுத்து என்கிறவர், எங்கள் அன்பியத்துக்குத் தலைவர், வாய் கொஞ்சம் நீளம், கேரளாவில் மலையாற்றூர் கோயிலுக்குப் போகலாம் என்றார். சனிக்கிழமை மலை ஏறிக் கும்பிட்டோம். ஞாயிறு காலையில் பூசை கண்டுவிட்டு, பக்கத்தில் ஒரு காட்டுப் பூங்கா இருக்கிறது, அங்கே கம்பியில் தொங்கிக்கொண்டு பறக்கலாம் என்று தவசிமுத்து வேனைத் திருப்பச் சொன்னார்.

அந்தக் காட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் பிறந்ததிலிருந்து பார்த்ததெல்லாம் கடலும் புகைக்கூண்டும் கூட்ஸ் வண்டியும்தான். அங்கே மரம் நிமிர்ந்து பார்த்தால் முடியவே இல்லை. மரத்தின்மேல் கொடி, கொடியின்மேல் பாசி, பாசியில் பூ. தரையில் வெயில் விழவில்லை. மூச்சு இழுத்தால் நெஞ்சுக்குள் குளிர்ந்தது. கீழே ஒரு பள்ளம், பள்ளத்தில் ஆறு பாறையில் மோதி ஓடுகிறது. இந்தக் கரை மரத்தில் ஒரு பலகை மேடை, அந்தக் கரை மரத்தில் ஒரு மேடை, நடுவில் இரண்டு இரும்புக் கம்பிக்கயிறு. ஆளை பெல்ட்டில் கட்டி, மேலே ஒரு கப்பியில் மாட்டி விட்டால், அக்கரைக்கு வழுக்கிக்கொண்டு போய்ச் சேரலாம். எனக்கு அறுபத்திரண்டு வயசு. பறக்க மாட்டேன் என்றுவிட்டேன். பறக்காதவர்களுக்குத் தொங்குபாலம் ஒன்று இருந்தது. புளிச்சோற்றுப் பையைத் தூக்கிக்கொண்டு அதில் நடந்து முன்னாலேயே அக்கரை மேடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இக்கரையில் நடந்ததைத் தவசிமுத்து பிறகு சொன்னார். அவர் வரிசையில் பாஸ்கலுக்குப் பின்னால் நின்றிருந்தார். கூட்டிப்போகிற பையன் பேர் ஜோமோன். தமிழும் மலையாளமும் கலந்து பேசினான். எல்லாருக்கும் தலைக்குத் தொப்பி, கைக்குத் தோல் உறை மாட்டிவிட்டுச் சொன்னானாம்:

"கப்பிக்குக் கீழே இந்த வாரைப் பிடிச்சுக்கணும். மேலே கம்பியைத் தொடவே கூடாது கேட்டோ. தொட்டா நடுவிலே நின்னுபோகும்."

ஃப்ளோரா பாஸ்கலைப் பார்த்தாள். "நான் மொதல்ல போறேன், நீ பின்னால வா" என்று மட்டும் சொல்லிவிட்டு, புடவையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டாள். எண்பது கிலோ உடம்பு. "மாதாவே" என்று ஒரு கத்து. அந்தக் காட்டில் இருந்த குருவியெல்லாம் எழுந்து பறந்தது. சிரித்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து இறங்கினாள். இறங்கிய நிமிஷமே சிரிப்பை நிறுத்திவிட்டு, புறப்பட்டு வந்த கரையைப் பார்க்க ஆரம்பித்தாள். "சின்னம்மா, அது ஏறுமா?" என்றாள். அவள் கை என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது.

அங்கே பாஸ்கல் தன் பெல்ட்டைத் தானே ஒவ்வொரு கொக்கியாய்த் திறந்து மூடிப் பார்த்தானாம். அதற்கே கால் மணி. பிறகு ஜோமோனைக் கேட்டிருக்கிறான், "தம்பி, அந்தக் கம்பிய ஒரு வாட்டி உருவிப் பாத்துக்கறேன்."

"அது பாடில்லா சேட்டா. கம்பி தொடக்கூடாது."

"நான் கம்பிலயே பொழைக்கிறவன்பா."

"இருக்கட்டும். காலையிலே நாங்க பார்த்தாச்சு."

பின்னாலிருந்து தவசிமுத்து வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "இன்னா பாஸ்கல், பொண்டாட்டி பூட்சு, நீ இங்க கீற. நாங்கல்லாம் சோறு துன்ன வாணாமா?" அதற்காக அவர் இன்றைக்கும் வருத்தப்படுவார். பாஸ்கல் திரும்பி அவரைப் பார்க்கவில்லையாம். கால் இரண்டும் உதறியதாம், பலகை கடகடவென்று ஆடியதாம். ஆனாலும் கண்ணை மூடாமல் காலைத் தூக்கினான்.

வந்தான். பாதிப் பள்ளம் வரைக்கும் நன்றாகவே வந்தான். அதற்குமேல் நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அவன் வலது கை வாரை விட்டது. மேலே போய்க் கப்பிக்குப் பின்னால் கம்பியைத் தொட்டது. பயத்தில் பிடிக்கிறவன் இறுக்கிப் பிடிப்பான். இவன் அப்படிப் பிடிக்கவில்லை. விரலை அரைவட்டமாய் வளைத்து, பஞ்சு வைத்து உருவுகிற அதே மாதிரி உருவினான். இருபத்தைந்து வருஷப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது. கப்பியின் சத்தம் இழுத்து இழுத்துக் குறைந்தது. எங்களுக்கு எண்பதடி இருக்கும்போது அப்படியே நின்றுவிட்டான்.

கீழே ஆறு. மேலே ஒன்றும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தொங்கிய அதே தொங்கல். தலை தொங்கிவிட்டது. இரண்டு காலும் அசையவில்லை.

எங்கள் பக்கம் நின்ற பையன் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு, "சேட்டா, பயப்படேண்டா, நான் வர்றேன், இழுத்துக்கொண்டு வர்றேன்" என்று கம்பியில் தன்னை மாட்டப்போனான்.

ஃப்ளோரா ஒரு சத்தம் போட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"யோவ்! இன்னாய்யா அங்க தொங்கினு கீற? கம்பி எப்டி கீது?"

அவன் தலை நிமிரவில்லை.

"உன்னத்தான்! உருவினல்ல? முள்ளு கீதா, இல்லியா? சொல்லு! இதுல இன்னும் பதினஞ்சு பேரு வரணும்!"

அவன் குரல் வந்தது. மெதுவாய்த்தான் வந்தது. ஆனால் அது வேலை செய்கிறவன் குரல். "முள்ளு இல்ல. சோக்காக் கீது. புதுக் கம்பி."

"அப்ப இன்னா பேஜாரு உனக்கு? புடிச்சிகினு வா!"

கயிறு எடுத்த பையன் காலைத் தூக்கினான். பாஸ்கல் கையை உயர்த்தி முஷ்டியை மூடிக் காட்டினான். துறைமுகத்தில் அதற்கு 'நிறுத்து' என்று அர்த்தம். கிரேன்காரன் எந்த நிலையில் இருந்தாலும் நிறுத்திவிடுவான். அந்த மலையாளத்துப் பையனுக்கு அது தெரிய நியாயமில்லை, ஆனாலும் நின்றுவிட்டான். அப்படி ஒரு கை அது.

பிறகு பாஸ்கல் உடம்பைத் திருப்பிக்கொண்டான். முதுகு எங்கள் பக்கம். தலைக்குமேல் கம்பியை ஒரு கையால் பிடித்து இழுத்தான். மறு கையை மாற்றிப் பிடித்தான். இழுத்தான். ஒரு பிடிக்கு ஒரு அடி. கம்பி அந்த இடத்தில் எங்கள் பக்கமாய் மேலே ஏறுகிறது, இறக்கமில்லை. அவன் பளு முழுக்க அவனே இழுக்கவேண்டும். ஐந்து பிடிக்கு ஒருதரம் நின்றான். நிற்கும்போதெல்லாம் கால் உதறியது, அது எங்களுக்கு நன்றாய்த் தெரிந்தது. கால் உதறிக்கொண்டே இருந்தது, கை இழுத்துக்கொண்டே இருந்தது. மேடையில் ஃப்ளோரா மட்டும் வாய்க்குள் அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேடையில் காலை வைத்ததும் அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டான். சட்டை பிழிந்தால் தண்ணீர் வரும். பையன் ஓடிவந்து, "சேட்டா, தொடக்கூடாதுன்னு சொல்லியிருந்ததல்லே?" என்று கோபமாய் ஆரம்பித்தான். பாஸ்கல் எழுந்து, அவன் கையைப் பிடித்து, "தப்புதான் தம்பி. உன் பேச்ச கேட்டிருக்கணும். மன்னிச்சுக்க" என்றான். வயசு வித்தியாசம் பார்க்காமல், பத்துப்பேர் முன்னால். அந்தப் பிள்ளைக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. "இந்த மாதிரி தனியாய் இழுத்து யாரும் வந்ததில்லை" என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தான்.

காட்டுக்குள் போன் எடுக்கவில்லை. வேன் வெளியே வந்து டீக்கடையில் நின்றதும் பாஸ்கல் ஃப்ளோராவின் போனை வாங்கி மேஸ்திரிக்குப் போட்டான். நான் பக்கத்து பெஞ்சில் இருந்தேன். சின்ன போன்தான், ஆனால் சுப்புராஜ் குரல் ரோட்டுக்கே கேட்கும்.

"இன்னா நைனா, நாளைக்குத்தானே சொல்லச் சொன்னேன்?"

"ஏறுவேன் மேஸ்திரி."

"பயம் பூட்ச்சா?"

"பூடல. இன்னிக்கு நடு அந்தரத்துல நின்னுட்டேன். காலு ஆடுது. கை ஆடல. அது போதும்னா வரேன்."



"புதங்கெழம ஆறரைக்கு வா" என்றார் மேஸ்திரி. "பயமே இல்லன்றவன நான் மேல ஏத்தறதில்ல."

புதன்கிழமை ஏறினான். சுப்புராஜ் எங்களிடம் சொன்னதுதான்: மூன்றாம் படியில் நின்றான், ஏழாம் படியில் நின்றான், அதற்கப்புறம் எங்கேயோ நின்று ஏணியைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். கீழே பதினெட்டு ஆள். மேஸ்திரி எல்லாரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பாஸ்கல் உத்தரத்தின்மேல் நின்று, "இன்னாப்பா, கயிற அனுப்பறீங்களா இல்லியா?" என்று கேட்டானாம்.

எட்டு வருஷம் அங்கே ஏறினான். எங்கள் குடும்பத்தில் பட்டாளத்துக்குப் போனவன் இருக்கிறான், புயலில் கட்டுமரம் தள்ளினவன் இருக்கிறான். பயமே இல்லாத ஆட்கள் அவர்கள். இவனை அவர்களோடு நான் சேர்ப்பதில்லை, ஒருபடி மேலேதான் வைப்பேன். ஒருதரம் கேட்டேன், இப்போதாவது பயம் போய்விட்டதா என்று. கரித்தூசியோடு வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"எங்க சின்னம்மா? தெனம் காலைல மொதப் படில ஒரு வாட்டி நின்னுட்டுத்தான் ஏர்றேன்" என்றான். பிறகு உள்ளே பார்த்து, "ஃப்ளோரா, சுடுதண்ணி கீதா?" என்று கேட்டுக்கொண்டே குளிக்கப் போய்விட்டான்.