சந்துப் பக்கத்து மறைப்பு

என் நாட்குறிப்பில் ஐப்பசி இரண்டாம் திங்கட்கிழமை இப்படி எழுதியிருக்கிறேன்: “பின்பக்கத்துக்கு மறைப்பு வேண்டும். பார்க்க நன்றாக இருக்க வேண்டும். பராமரிப்பு கூடாது.”

கொடைக்கானலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து இறங்குகிறது. எதிர்ப்பக்கம் ஒரு விடுதியின் உயரமான கல் மதில். எங்கள் பக்கம் பாதி சாய்ந்த கம்பி வேலி. விடுதிக்கு வருபவர்கள் அங்கே நின்று, என் மனைவி துணி காயப்போடுவதைக்கூடப் படம் எடுத்தார்கள்.

மூங்கில் தட்டி இந்த மூடுபனியில் ஒரே வருடத்தில் கறுத்துவிடும். மரப்பலகை உளுத்துப்போகும். செடி வளர்த்தால் காட்டுமாடு மேய்ந்துவிடும். பச்சை வலை கட்டினால் வீடு கட்டுகிற இடம் மாதிரி இருக்கும். கடைசியில் மரம் போலக் கோடு போட்ட தகட்டைத் தேர்ந்தெடுத்தோம். ஆள் உயரத்துக்கு மேல் வரும், துடைத்தால் போதும்.

“சந்துப் பக்கம் ஒரு கதவு வைக்கவாங்க?” என்று தகடு அடிக்க வந்தவர் கேட்டார். “என்ன, இந்த ஈரத்துக்குக் கீலு இறுகிக்கிரும். அப்பப்ப எண்ணெ விடணும்.”

வேண்டாம் என்றேன்.

விடுதியில் அறை துடைக்கும் பெண் ஒருவர் வில்பட்டியிலிருந்து தினமும் அந்தச் சந்து வழியாகத்தான் வருவார். காட்டுமாடு எதிரே வந்தால் சாய்ந்த கம்பியைத் தாண்டி எங்கள் தோட்டத்துக்குள் நின்றுகொள்வார். அது போனதும் கிளம்பிவிடுவார். இந்த வருடம் அவர் அப்படி ஒதுங்கிய நாட்களையெல்லாம் நாட்குறிப்பில் குறித்திருக்கிறேன். எழுதியது நான்தான், தகடு வாங்கும்போது அது நினைவுக்கு வரவில்லை.

வேலை முடிந்த அன்று அவர் சந்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். “என்னங்க சார், கோட்டையே கட்டிட்டீங்க. மாடு வந்தா நான் எங்குட்டு ஒதுங்குறது?”

“வெரசா ஓடிருங்கக்கா” என்றாள் என் மனைவி.

“இந்த முட்டிய வச்சுக்கிட்டா? தட்டுறேன், மேலேருந்து ஏணியப் போடுங்க.”

மூவரும் சிரித்தோம்.

மறைப்பு அழகாகத்தான் இருந்தது. சந்தில் யார் போகிறார்கள் என்பது மட்டும் தெரியவில்லை. காலடிச் சத்தம் வரும், நிற்கும், மறுபடி நகரும். சில நேரம் பெருமூச்சு கேட்கும், அது மனித மூச்சு இல்லை. விடுதிக்கு வருபவர்களின் பிள்ளைகள் தகட்டைத் தட்டிவிட்டு ஓடுவார்கள். நாளடைவில் தட்டும் சத்தத்துக்குத் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டோம்.

கார்த்திகை மூன்றாம் வியாழன், காலை. நல்ல மூடுபனி. அடுப்படி ஜன்னலோரம் காபி குடித்துக்கொண்டிருந்தேன். தகட்டில் உள்ளங்கையால் அடிப்பது போல நான்கைந்து தட்டு. பிள்ளைகள் என்று நினைத்தேன். அப்புறம் தகடு மெதுவாக உள்பக்கம் வளைந்தது. அதன் பிறகு சத்தமே இல்லை.

முன்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு சந்துக்குப் போனபோது யாரும் இல்லை. புதுச் சாணம் கிடந்தது. தகட்டில் நெஞ்சு உயரத்தில் ஒரு பள்ளம்.

அன்றிலிருந்து அந்தப் பெண் வேலைக்கு வரவில்லை. பழனியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்கிறார் விடுதி மேலாளர். விலா எலும்பு முறிந்து வீட்டில்தான் கெடக்கு என்கிறார் டீக்கடைக்காரர். வில்பட்டிக்கு இருபது நிமிடத்தில் போய்விடலாம். நான் இன்னும் போகவில்லை.

இன்று மார்கழி இரண்டாம் ஞாயிறு. அந்த வியாழக்கிழமை தகட்டைத் தட்டியது அவர் கைதானா என்பது இதை எழுதும்வரை உறுதிசெய்யப்படவில்லை.