பாய்க்கு அடியில் இங்கிலீஷ் புத்தகங்கள்

ஷார்ஜாவில் மகன் வீட்டில் ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். அணைத்தால் வேகும், போட்டால் முழங்கால் குடையும். அன்றைக்குக் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தபோது டிவியில் ஈராக் சண்டை. ஏதோ ஒரு நூலகம் எரிந்துகொண்டிருந்தது. "போரடிக்குது பாட்டி, கார்ட்டூன் வைக்கட்டுமா?" என்றான் பேரன். வைத்துக்கொள் என்றேன். எத்தனை சண்டையைத்தான் பார்ப்பது!

நான் சிறுமியாக இருந்தது மலாயாவில். ஜப்பான்காரன் ஆண்ட காலம். தின்ன மரவள்ளிக்கிழங்கை விட்டால் வேறில்லை. இன்றைக்கும் மருமகள் அதை வாங்கி வந்தால் எழுந்து போய்விடுவேன். அது கிடக்கட்டும். அம்மா ஊர் நூலகத்தில் கூட்டிப் பெருக்குவாள். நூலகத்தைப் பார்த்துக்கொண்டவள் ஒரு சீனத்தி. இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை மலாய்தான். ஆனாலும் மத்தியானம் ஒரே இலையில் கிழங்கைப் பிட்டுக்கொண்டு, என்னத்தைப் பேசுவார்களோ, விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

இங்கிலீஷ் புத்தகங்களை எரிக்க ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒளித்தால் தலை போகும். சீனத்தி நல்லதாகப் பார்த்துக் கொஞ்சம் ஒதுக்கினாள். அம்மா அவற்றைக் கிழங்குச் சாக்கில் போட்டு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, தரையில் அடுக்கி, மேலே எனக்குப் பாய் விரித்துவிட்டாள். எழுத்தே தெரியாத வீட்டில் யார் புத்தகம் தேடப்போகிறார்கள்?

தேடினார்கள். இரண்டு சிப்பாய்கள், அவர்களுக்கு மொழி சொல்ல ஒரு தமிழ் ஆள்.

"காய்ச்சலுங்கய்யா, புள்ளைய எழுப்பாதீங்க" என்றாள் அம்மா.

பாயில் படுத்திருந்த நான் பயத்தில் துள்ளி எழுந்தேன். காலடியில் புத்தகம் அழுந்தியது. புத்தகத்தை மிதித்தால் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று பழக்கியிருந்தாளே! குனிந்து பாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

சிப்பாய்களுக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. தமிழ் ஆள் பார்த்துவிட்டான். அம்மா முகத்தில் ரத்தமே இல்லை.

பளாரென்று எனக்கு ஓர் அறை விட்டான். "படுடி சனியனே! காய்ச்சலோட என்ன ஆட்டம்?" என்று பாயிலேயே தள்ளினான். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு சிப்பாய்களிடம் என்னமோ சொன்னான். இருவரும் அவசரமாக வெளியே போனார்கள்.

அடித்தவனை அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. வாசலில் நின்று அவன் முதுகைப் பார்த்துக் கைகூப்பினாள். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். சாயங்காலம் சீனத்தி வந்ததும் அவளிடம் கன்னத்தைக் காட்டினேன். அம்மா நடந்ததை மலாயில் சொன்னாள். சீனத்தி என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள், அம்மாவும் சேர்ந்துகொண்டாள். ஓர் அறைக்கு இவ்வளவு அழுகையா, நான் என்ன செத்தா போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.