எலுபினா தூவிய மஞ்சள் பொடி

சுத்தம் என்றால் எலுபினா. சந்தியாகோ நகரத்தில், எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். பாதிப் பேர் சலிப்போடு சொல்வார்கள். பள்ளிச் சீருடைகளுக்கு இஸ்திரி போட்டே மூன்று பெண்களைக் கரையேற்றியவள். மழை விட்டதும் தெருவையே சோப்புப் போட்டுக் கழுவக் கிளம்புவாள்.

அப்படிப்பட்டவளுக்கா ஆண்டவன் இந்தச் சோதனையைக் கொடுக்க வேண்டும்!

அவள் கணவன் சிரிலோ மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றி வாடகைக்கு ஓட்டுபவன். ஒரு லாரி இடித்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் உலோகத் தகடு வைத்துத் திருகாணி முடுக்கி அனுப்பினார்கள். சில மாதங்களில் தோலில் ஒரு துவாரம் விழுந்து சீழ் வடிந்தது. ஒரு வருஷம் ஓடியும் அது நிற்கவில்லை.

சீழை எடுத்துப் பரிசோதிப்பார்கள். “கிருமி எதுவும் வளரவில்லை” என்று பதில் வரும். மறுபடி எடுப்பார்கள். மறுபடி அதே பதில்.

“வளரலையாம்!” அன்று ஆஸ்பத்திரி வராந்தாவே அதிர எலுபினா கத்தினாள். “கிருமி இல்லைன்னா சீழ் எங்கேருந்து வருது, வானத்துலேருந்தா? அந்த லேப்காரங்களக் கண்ணைக் கழுவிட்டுப் பாக்கச் சொல்லுங்க!”

எலும்பு மருத்துவர் பத்லே, பொறுமையை எப்போதோ தொலைத்துவிட்ட பெண்மணி. “கத்தாதீங்க எலுபினாம்மா. எனக்கும் எரிச்சலாத்தான் இருக்கு. எந்தக் கிருமின்னு தெரியாம நான் எந்த மருந்தைக் குடுப்பேன்? இப்படியே எலும்பு பூரா பரவிச்சுன்னா, காலை எடுக்க வேண்டியதுதான்.”

சிரிலோ முனகினான். “காலை எடுத்துட்டா வண்டிய வாயாலயா மிதிச்சு ஸ்டார்ட் பண்றது?”

மருத்துவர் கட்டைப் பிரித்தார். துணி, கஞ்சி போட்டு இஸ்திரி செய்த தேவாலயத் திரைபோல் மொடமொடத்தது. துவாரத்தைச் சுற்றி ஏதோ மஞ்சளாக ஒட்டியிருந்தது.

“இது என்ன பொடி?”

“கேப்சூல் பொடி,” என்றாள் எலுபினா பெருமையோடு. “மூலைக் கடையில உதிரியா விக்கிறாங்களே, அந்த ஆன்டிபயாடிக். ஒடைச்சுத் தூவினேன். ரெண்ட முழுங்கவும் வச்சேன். இங்க வர்றதுக்கு முந்தி எப்பவும் அப்படித்தான். அழுக்கும் சீழுமா டாக்டர்கிட்ட வந்து நிக்க நாங்க என்ன வெக்கங்கெட்டவங்களா?”

மருத்துவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

“ஒரு வருஷமா நான் திருடனத் தேடறேன், நீங்க முன்னாடியே சைரன் ஊதிடுறீங்க! உங்க மொட்டைமாடித் தண்ணித் தொட்டியக் கழுவியிருக்கீங்கல்ல?”

“வாராவாரம்!”

“மேல மொண்டா தண்ணி பளிங்காட்டம் இருக்கும். சுவத்தத் தடவினா?”

“வழவழன்னு பாசி.”

“அதேதான். இந்தக் கிருமியும் தகட்டு மேல வழவழன்னு வீடு கட்டி உக்காந்திருக்கு. உங்க மாத்திரை அதை வெளிய தலைகாட்ட விடாது; உள்ள இருக்கறதக் கொல்லவும் செய்யாது. தகட்டையே கழட்டி, தண்ணில போட்டு ஒலியால அதிர வச்சு, ஒட்டினதை உதிர்த்தாத்தான் பிடிக்க முடியும். அதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் பொடி கூடாது, மாத்திரை கூடாது. காய்ச்சல் வந்தா மட்டும் உடனே தூக்கிட்டு வாங்க.”

அந்த இரண்டு வாரமும் எலுபினா நரகத்தில் இருந்தாள். சீழ் பெருகியது. ஈ மொய்த்தது. சீருடை வாங்க வந்த பெண்கள் மூக்கைப் பொத்தினார்கள். “எலுபினா வீட்லயா இந்த நாத்தம்?” என்று எதிர்வீட்டுக்காரி கேட்டது வீட்டுக்குள் வரை கேட்டது. அழுக்கைக் கண்டால் துடித்துப்போகும் அந்த உள்ளம், அழுக்குக்குக் காவல் இருந்தது!

அறுவை சிகிச்சை அன்று காலையில் சிரிலோ அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“வலி உயிர் போகுது கிழவி. ஒண்ணே ஒண்ணு குடு. டாக்டருக்குத் தெரியவா போகுது?”

ரவிக்கைக்குள் ஒரு கேப்சூலை அவள் ஒளித்துத்தான் வைத்திருந்தாள். எடுத்தாள். கொடுத்தால் இந்த ஒரு நாள் வலி குறையலாம்; கிருமி மறுபடி ஒளிந்துகொண்டால் கால்? கண்ணீர் வழிய வழிய வாசலுக்கு ஓடி, அதைச் சாக்கடையில் வீசினாள். பிறகு கறைபடிந்த அந்தக் கட்டோடு, வாழ்க்கையில் முதல் முறையாக, தன் புருஷனைக் கழுவாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

“நாறுது டாக்டரம்மா,” என்றாள் தலைகுனிந்து. “நீங்க கேட்ட மாதிரியே கொண்டாந்திருக்கேன்.”

தகடு வெளியே வந்தது. அதிலிருந்து உதிர்ந்தது ஆய்வகத்தில் வளர்ந்தது. அந்த வாரக் கடைசியில் மருத்துவர் கட்டில் அருகே வந்து நின்றார்.

“மாட்டிக்கிச்சு. இதைக் கொல்ல மருந்து இருக்கு. காலை எடுக்க வேணாம்.”

எலுபினா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். “ஒரு வருஷமா அந்தச் சனியனுக்கு நானே போர்வை போத்தி விட்டிருக்கேனே!”

“இஸ்திரி போட்ட போர்வை,” என்றான் சிரிலோ.

“வாய மூடு கிழவா, காலை நீட்டு.” கண்ணைத் துடைத்தபடி மருத்துவர் பக்கம் திரும்பினாள். “கட்டைச் சுத்தி மட்டும் கொஞ்சம் தொடைச்சுவிடட்டுமா? வெறும் தண்ணிதான் டாக்டரம்மா, சத்தியமா!”