தெளிந்த தண்ணீரை நம்பினோம்

கொரட்டூரில் எங்கள் வீட்டு போர் தண்ணீர் துரு நிறத்தில் வரும். அதனால் வீடு முழுவதற்கும் சேர்த்து மாடியில் ஒரு ஃபில்டர் தொட்டி வைத்தோம். "கண்ணாடி மாதிரி கீது பாரும்மா, இனிமே காய்ச்ச வோணாம்" என்றார் பொருத்தியவர். நம்பி, குழாயில் பிடித்து அப்படியே குடித்தோம்.

மழைக்காலத்தில் மகள் ஸ்டெல்லாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. "நிறம் போனா கிருமியும் போயிடுமாம்மா?" என்று டாக்டர் கடிந்துகொண்டார். பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் எங்கள் போரை ஒட்டியே இருப்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டையும் மாற்ற இடமில்லை. வேறு தண்ணீரும் இல்லை.

அவள் பிழைத்தாள், பழைய தெம்பு திரும்பவில்லை. இப்போது மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் கொதிக்க வைத்துத்தான் தருகிறேன். ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைக்காத நாட்களில், அவளுக்குத் தாகம் எடுக்கக்கூடாதே என்று ஜெபிக்கிறேன்.