'சூன்' சீட்டில் இருந்த கையெழுத்து

ஓர் உண்மையைக் கண்டுபிடித்தவனின் பெயர் அழிந்துபோனால், அந்த உண்மையில் ஏதாவது குறைகிறதா? அகராதி அலுவலகத்தில் 'சீட்டுக்காரர்' என்று அழைக்கப்பட்டவரின் வாழ்க்கை இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆங்கிலச் சொற்களின் மூலத்தைத் தேடி, கிடைத்ததைச் சீட்டில் எழுதி, மூலையில் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. 'சூன்' (soon) என்ற சொல்லுக்கு மட்டும் இரண்டு வருடம் ஆனது. முதல் பதிப்பில் அது லத்தீனிலிருந்து வந்ததாகப் பதிப்பாசிரியர் எழுதியிருந்தார். சீட்டுக்காரர் பழைய ஆங்கிலத்தில் 'சோனா'வைப் பிடித்தார். பழைய ஜெர்மனில் அதன் பங்காளியான 'சான்' அகப்பட்டது. லத்தீனுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இன்று 'சீக்கிரம்' என்று பொருள்படும் சொல் அன்று 'அந்த நொடியே' என்றிருந்தது. சொன்ன நேரத்துக்கு வராதவர்கள் ஆயிரம் வருடம் புழங்கி அதன் அவசரத்தைத் தேய்த்துவிட்டார்கள்.

"நாம 'இதோ வந்துட்டேன்'னு சொல்ற மாதிரிதான்," என்று மனைவியிடம் விளக்கினார்.

"நீங்க சொல்ற மாதிரின்னு சொல்லுங்க," என்றாள் அவள்.

பதிப்பாசிரியர் சீட்டைப் படித்துவிட்டு, "பிரமாதம்ப்பா," என்றார். பிறகு அலுவலக வழக்கப்படி அதைப் புதுச் சீட்டில் நகலெடுத்துத் தன் கையெழுத்தைப் போட்டார். பழையது குப்பைக்கூடைக்குப் போனது. அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கில் அதையே 'என் கண்டுபிடிப்பு' என்று முழங்கினார். கடைசி வரிசையில் இருந்த சீட்டுக்காரரும் கைதட்டினார். அதற்காகத் தன்னை அவர் மன்னிக்கவே இல்லை.

"முன்னுரையில ஒரு வரி என் பேரு வரணும் சார்," என்று ஒருநாள் கேட்டும் விட்டார்.

"ஏம்ப்பா, அகராதியைப் பிரிக்கிறவன் அர்த்தம் தேடுவானா, உன் பேரைத் தேடுவானா?"

இரண்டாம் பதிப்பின் கடைசி மெய்ப்பு பிழை திருத்த வந்தபோது பதிப்பாசிரியர் ஆஸ்பத்திரியில் இருந்தார். பக்கங்கள் சீட்டுக்காரர் மேசைக்கு வந்தன. அச்சகத்தார் 'சூன்' பத்தியைப் பழைய பதிப்பைப் பார்த்தே அச்சுக் கோத்திருந்தார்கள். அதே லத்தீன்; கீழே பதிப்பாசிரியர் பெயர். அப்படியே அச்சானால், மேடையில் முழங்கியவர் சொந்த அகராதியிலேயே மாட்டிக்கொள்வார். ஊர் சிரிக்கும்.

"விட்டுடுங்கண்ணே," என்றாள் பக்கத்து மேசைத் தட்டச்சுக்காரி. "கண்ணுல படலன்னு சொல்லிக்கலாம். அவருக்கு வேணும்."

அவர் மதியம்வரை பேனா மூடியைத் திறக்கவில்லை. சாப்பிடவும் எழவில்லை. பிறகு லத்தீனை அடித்து, ஓரத்தில் 'சோனா' என்று எழுதி, அச்சகத்துக்கு அனுப்பினார்.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?"

அவர் ஒரு புதுச் சீட்டை எடுத்து, அடுத்த சொல்லை எழுதி, மூலையில் வழக்கம்போல் கையெழுத்துப் போட்டார்.