பாஸ் ஆனால் கல்யாணம்

பள்ளிக்கூட வாத்தியார் வேலையில் ஒரே ஒரு சௌகரியம் உண்டு. பிளஸ் டூ முடித்துப் பிள்ளைகளை அனுப்பிவிட்டால், அப்புறம் அது கல்லூரிக்காரர்கள் பாடு. தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு அந்தச் சௌகரியமும் போயிற்று. கணபதி என்ற ஊர்ப் பக்கம் நான் தாவரவியல் நடத்திய அரசுப் பள்ளிக்கு ஒரு சோதனைத் திட்டம் வந்தது. பிளஸ் டூ பிள்ளைகளில் இருபது பேர் காலையில் எங்களிடம் படிக்க வேண்டும். மத்தியானம் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த கல்லூரியில் பி.எஸ்ஸி. முதல் வருஷப் பாடம். இரண்டிலும் தேறினால் அடுத்து நேராக இரண்டாம் வருஷம். நடுவில் ஓடுகிறவனுக்குப் பொறுப்பாசிரியர் என்று பெயர். இரண்டு மேலதிகாரிகளிடம் ஒரே நாளில் திட்டு வாங்கிய அனுபவசாலிகள் இருந்தால், கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

பெரிய அவசரம்

சேர்க்கைக்கு வந்தவர்களில் ஒருவர் சின்னச்சாமி, லேத் பட்டறை வைத்திருந்தார். மகள் பூங்கொடி எங்கள் பள்ளியில் முதல் மாணவி. எம்.எஸ்ஸி. வரை படிக்க அவளுக்கு ஆசை. ஆனால் சின்னச்சாமி, கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் தன் அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பூங்கொடி கல்லூரியில் ஒரு வருஷம் பாஸ் பண்ணட்டும், அந்த வைகாசியிலேயே அக்கா மகனோடு கல்யாணம். அந்த ஒரு வருஷத்தையே அவள் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்துதான் வாங்கினாளாம். அது முடிவதற்குள் அப்பாவின் மனசைக் கரைத்துவிடலாம் என்று நம்பியிருந்தாள்.

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அன்றைக்கு நான் திட்டத்தைப் பெருமையாக விளக்கினேன். பிளஸ் டூ முடியும்போதே கல்லூரியில் ஒரு வருஷமும் முடிந்துவிடும் என்றேன். பூங்கொடியின் முகம் சுருங்கியதை நான் பார்க்கவில்லை, சின்னச்சாமியின் முகம் மலர்ந்ததைத்தான் பார்த்தேன். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் சொன்னார்: "கெவர்மென்ட்டு கூட என்ற அக்கா மாதிரியே அவசரப்படுதுங்க சார்."

எழுந்து நின்ற மத்தியானம்

முதல் நாள் பேராசிரியர் வகுப்புக்குள் நுழைந்ததும் எங்கள் இருபது பேரும் எழுந்து "வணக்கம் ஐயா" என்று ராகம் போட்டார்கள். அது சரி. தாமதமாக வந்த கல்லூரி மாணவனுக்கும் எழுந்தார்கள். சுற்றறிக்கை கொண்டுவந்த அட்டெண்டருக்கும் எழுந்தார்கள். தன் சர்வீஸில் யாரும் தனக்காக எழுந்ததில்லை என்று கண் கலங்கிய அந்த மனிதர், அதே சுற்றறிக்கையை இன்னொரு தடவை கொண்டுவந்தார். இதைக் கண்டுகொண்ட கல்லூரிக் கடைசி பெஞ்சுக்காரர்கள் வெளியே போய்ப் போய் உள்ளே வர ஆரம்பித்தார்கள். பாடம் பாதியில் நின்றது. மறுநாள் பேராசிரியர் மதில் சுவருக்கு மேலே தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டார்: "ஏனுங்க சார், இதுகள உக்கார வெக்கறதுக்கு சுவிட்ச் எங்கீங்க இருக்குது?"

வேலைநிறுத்த விடுப்பு

கல்லூரியில் பஸ் வசதி கேட்டு ஸ்ட்ரைக். எங்கள் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வது என்று முடிவெடுத்தார்கள். ஆனால் பள்ளிக்கூட வழக்கம் ரத்தத்தில் ஊறியது அல்லவா? "காலவரையற்ற வேலைநிறுத்தம் இருப்பதால் இன்று ஒரு நாள் மட்டும் விடுப்பு அளிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று ஆளுக்கொரு கடிதம். ஒவ்வொன்றிலும் அப்பாவின் கையெழுத்து. வாசகம் பூங்கொடியுடையது. பிழையே இல்லை. பொறுப்பாசிரியர் என்ற முறையில் நானும் மேலொப்பம் போட்டேன். போடாமல் என்ன செய்வது, கேட்டது முறைப்படி அல்லவா?

இருபது பேரும் உயரவாரியாக வரிசையில் போய்க் கோஷம் போட்டுவிட்டு, மணி அடித்ததும் கலைந்துவிட்டார்கள். மாணவர் சங்கத் தலைவன் என்னைத் தேடி வந்தான். கோபம் கூட இல்லை, சோர்ந்து போயிருந்தான். "அப்பன்கிட்டக் கையெழுத்து வாங்கிட்டு வர்ற கூட்டத்த வெச்சுக்கிட்டு நாங்க எப்படீங்க சார் பஸ் வாங்கறது?"

மார்க்

மாதத் தேர்வு மார்க்கைத் தவறாமல் வந்து கேட்ட ஒரே தகப்பன் சின்னச்சாமி. கையில் பஞ்சாங்கத்தோடு வருவார். பூங்கொடி தொண்ணூறு வாங்கினால் ஒரு முகூர்த்த நாளுக்கு வட்டம் போடுவார். இப்படி ஒரு பொறுப்பான தகப்பனா என்று நான் ஆசிரியர் அறையில் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அரையாண்டு விடைத்தாள் கொடுத்த அன்று பூங்கொடி மட்டும் போகாமல் நின்றாள். அக்காவுக்குக் கொடுத்த வாக்கு, மூன்று நாள் பட்டினி எல்லாவற்றையும் அன்றுதான் சொன்னாள். வாக்கு விஷயத்தில் நான் யார் தலையிட என்று வாத்தியார்த்தனமாக ஏதோ உளறினேன். அவள் தாளைத் திருப்பி என் மேஜையில் வைத்தாள்: "அப்பங்கிட்டப் பேச வேண்டாமுங்க சார், இந்த மார்க்கக் கொஞ்சம் கொறச்சு மட்டும் போட்டுக் குடுத்துருங்க."

மை

பிளஸ் டூ ரிசல்ட்டில் பூங்கொடி பள்ளியில் முதல். கல்லூரி ரிசல்ட்டில் பெயரே இல்லை. ஓடிப்போய்ப் பேராசிரியரைக் கேட்டேன். அவர் மூன்று தாள்களைக் காட்டினார். மூன்றிலும் பதிவு எண் மட்டும், அழகான கையெழுத்தில். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. என் வாழ்நாளில் கிடைத்த நல்ல மாணவி, ஒரு வருஷத்துக்காகத் தன்னையே ஃபெயில் ஆக்கிக்கொண்டாள். நான் பேச வேண்டிய இடத்தில் பேசியிருந்தால் இது வந்திருக்காது.

மறுநாள் சின்னச்சாமி வந்தார். விடைத்தாளைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று நான் இருந்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு மைப்பேனாவை எடுத்து வைத்தார்.

"பரீட்சைக்கு இத நாந்தானுங்க காலைல ரொப்பிக் குடுப்பேன். பிளஸ் டூ பரீட்சைக்கெல்லாம் காலியா வந்துச்சுங்க. காலேஜ் பரீட்சை மூணு நாளும் ரொப்புனது ரொப்புனபடியே வந்துச்சுங்க."

"அப்பவே தெரியுமா?" என்றேன்.

"தெரியாமீங்களா? நூலளவு பார்த்து இரும்பு கடையறவனுங்க நானு."

பேனாவை எடுத்து மறுபடி சட்டைப்பையில் செருகினார். அவர் கண் சிவந்திருந்தது. அப்புறம் சொன்னார்: "பாஸ் பண்ணுனாத்தான் கல்யாணம்னு சொல்லிப்போட்டேனுங்க. இவ வருசா வருசம் வெறுந்தாளு குடுத்தா நான் எங்கீங்க போறது? அதுக்கு, எம்.எஸ்ஸி. வரைக்கும் படிச்சே தொலையட்டும். அக்காகிட்ட நான் பேசிக்கறனுங்க."

பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் மிச்சமாக்க வந்த திட்டத்தில், ஃபெயிலான ஒருத்தி ஐந்து வருஷம் சம்பாதித்தாள்; அவள் ஏன் ஃபெயில் ஆனாள் என்று மேலிடம் கேட்ட விளக்கத்துக்கு, "ஆசிரியரின் கவனக்குறைவு" என்று உண்மையையே எழுதிக் கொடுத்தேன்.